லிமிட்

ஸ்டேஷன் சுவரில் ஒரு வரைபடம்.
பச்சை மையில் எங்கள் எல்லை.
கிழக்கே கடல்.
அலை எந்த இடத்தில் நின்றால்
அது எங்களுடையது என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
மேற்கே தண்டவாளம்.
ஜல்லியில் விழுந்தால் ரயில்வே போலீஸ்,
ஒரு முழம் இப்பால் விழுந்தால் நாங்கள்.
ஒரு முழத்துக்காக ஒரு பிணம்
மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்ததை
நான் பார்த்திருக்கிறேன்.
தெற்கே கவுஸ் பாய் டீக்கடை.
அவர் பாய்லரை நகர்த்தினால்
லிமிட்டும் நகரும் என்பார் ஜீப் டிரைவர்.
வடக்கே கால்வாய்.
கால்வாயின் மேல் பாலம்.

பாலத்தின் நடுவில்தான்
டெல்பின் மேரி விழுந்தாள்.

இரவு பதினொன்றே கால் இருக்கும்.
ரைட்டர் மேசையில் நான்,
மாதக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
ஒற்றைச் செருப்போடு படியேறி வந்தாள்.
முழங்கையில் மண் அப்பிய காயம்,
புடவை முழுக்க
ஐஸ் உருகிய மீன் வாடை.
அந்த ஸ்டேஷனில் இங்கே போகச் சொன்னார்களாம்.
எங்கள் எஸ்.ஐ. தலை நிமிராமல்
அங்கே போகச் சொன்னார்.
"பாலத்துக்கு அந்தாண்ட நம்ம லிமிட் இல்லம்மா."
"நான் அந்தாண்ட இல்ல சார்.
நடுவால நடந்துக்கினு இருந்தேன்."

கடைசியில்
நானும் தணிகாசலமும்
டேப் எடுத்துக்கொண்டு போனோம்.
(சிரிக்காதீர்கள்.
சட்டம் பல இரவுகளில்
டேப்பும் டார்ச்சும்தான்.)
கீழே கால்வாய்
கறுப்பாக, ஓடாமல்.
மணலிப் பக்கம் எங்கேயோ ஒரு புகைபோக்கி
தன் நெருப்பைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது.
நாற்பத்தொரு மீட்டர்.
பாதி, இருபதரை.
அந்த இருபதரையில்,
பாலத்தின் இரும்பு இணைப்பின் மேல்
அவளுடைய இன்னொரு செருப்பு.
குதிகால் எங்கள் லிமிட்.
விரல் பக்கம் அவர்களுடையது.

தணிகாசலம் பூட்ஸ் நுனியால்
செருப்பை மெல்ல
அந்தப் பக்கம் தள்ளினார்.
நல்ல மனிதர்தான்.
ரிடையர் ஆக ஏழு மாதம்.
நான் பார்த்தேன்.
பார்த்ததாகச் சொல்லவில்லை.

டெல்பின் மேரியும் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
நொண்டி நொண்டிப் போய்
செருப்பை மாட்டிக்கொண்டு
திரும்பி
எங்கள் ஸ்டேஷனை நோக்கி நடந்தாள்.
டேப்பைச் சுருட்டிக்கொண்டு
நாங்கள் அவள் பின்னால்.

"பறிபோன பொருள்?"
"செயின்."
"எத்தனை சவரன்?"
அவள் கொஞ்சம் குனிந்தாள்.
"கவரிங் மா. நூத்தி எண்பது ரூவா."
எஸ்.ஐ. சிரித்துவிட்டார்.
இதற்கா இந்நேரத்தில்?
போய்த் தூங்கும்மா, இன்னொன்று வாங்கிக்கலாம்.

"செயின் போவட்டும் சார்.
என்ன தள்ளுனான் பாரு,
அத்த எழுதச் சொல்லு."

பொருளின் மதிப்புக்கு ஒரு கட்டம் உண்டு.
அடையாளத்துக்கு உண்டு. வண்டி எண்ணுக்கு உண்டு.
தள்ளியதற்குக் கட்டம் தேடி
பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
பிறகு ஓரத்தில் எழுதினேன்,
மனுதாரரைக் கீழே தள்ளினான் என்று.
படித்துக் காட்டச் சொன்னாள்.
காட்டினேன்.
"சும்மா தள்ளல.
நெட்டித் தள்ளுனான்.
பாட்டில் பொறுக்குற பசங்க ரெண்டு பேரு
பாத்துக்கினு இருந்தாங்க."
அடித்துத் திருத்தினேன்.
நெட்டி.
பசங்களையும் எழுதினேன்.

நாளைக் காலை இன்ஸ்பெக்டர் கேட்பார்,
இந்த மாதம் குறைந்திருந்த எண்ணிக்கையில்
இது யார் எடுத்தது என்று.
கேட்கட்டும். கையெழுத்து என்னுடையது,
எண் 614,
கோணலான ரப்பர் ஸ்டாம்பு.

ரசீதை நான்காக மடித்து
ஐஸ் கம்பெனி டோக்கன்களோடு
சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.
விடியற்காலை மூன்றுக்கு
ஏலத்துக்குப் போக வேண்டுமாம்.
துணைக்கு யாரையாவது அனுப்பவா என்றேன்.
அனுப்ப யாரும் இல்லை,
அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

வாசலில் நின்று பார்த்தேன்.
இரண்டு செருப்பும் சத்தம் போட
பாலம் ஏறினாள்.
பாதி வரை தெரிந்தாள்.
அதற்கு அப்பால்
தெருவிளக்கு இல்லை.